தேனைக் குறைக்கும் மலர்கள்

கூர்ப்பு என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன டைனோசர்களும் இலட்சக்கணக்கான ஆண்டுகளும்தான். ஆனால் அது நமது கண்முன்னே, நகர நடைபாதைகளிலேயே நிகழ்கிறது.

தென் பிரான்சின் மொன்பெலியே நகரில், நடைபாதை மரங்களின் அடியில் விடப்பட்டுள்ள சிறு மண் சதுரங்களில் கிரெப்பிஸ் சாங்க்டா என்னும் மஞ்சட்பூச் செடி முளைக்கிறது. அதன் வித்துக்கள் இருவகை. ஒன்று பஞ்சுடன் காற்றிற் பறக்கும்; மற்றையது கனத்தால் தாயின் காலடியிலேயே விழும். நகரத்தில் பறக்கும் வித்துக்களிற் பெரும்பாலானவை சீமெந்தில் விழுந்து வீணாகின்றன. ஆகவே, பறக்காத வித்துக்களைக் கூடுதலாகத் தரும் செடிகளே அங்கு பெருகின. இம்மாற்றத்துக்கு 5 முதல் 12 தலைமுறைகளே போதுமாயிருந்தன என 2008இல் வெளியான ஆய்வு கணித்தது.

அதனிலும் என்னைக் கலங்கவைத்தது, பாரிஸ் பிராந்திய வயல்களில் வளரும் காட்டுப் பான்சிச் செடி பற்றி 2023இல் வெளியான ஆய்வு. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் சேமித்து வைத்திருந்த வித்துக்களையும், அதே இடங்களில் 2021இல் பெற்ற வித்துக்களையும் ஒருங்கே வளர்த்துப் பார்த்தனர். புதிய செடிகளின் பூக்கள் 10 வீதம் சிறுத்திருந்தன. தேன் 20 வீதம் குறைந்திருந்தது. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் போக்கு 27 வீதம் உயர்ந்திருந்தது. பம்பிள் தேனீக்கள் பழைய செடிகளையே விரும்பி நாடின. விருந்தினர் வராத வீட்டில் யாருக்காகச் சமைப்பது? பூச்சிகள் அருகியதால், பூவும் அடுப்பை அணைக்கத் தொடங்கிவிட்டது.

பூச்சிகளும் மாறுகின்றன. சுவிற்சர்லாந்தின் பாசல் பகுதியில், தலைமுறை தலைமுறையாக வீதி விளக்குகளிடையே வாழ்ந்த ஓர் அந்துப்பூச்சி இனம், இருண்ட கிராமப்புறங்களில் வாழும் தன் இனத்தவற்றைவிட ஏறத்தாழ 30 வீதம் குறைவாகவே ஒளியை நாடுகிறது என 2016இல் அறியப்பட்டது. விளக்கில் மடிவதிலிருந்து அது தப்புகிறது. ஆனால், அது பொதுவாகவே குறைவாகப் பறப்பதாயின் குறைவான பூக்களையே சென்றடையும்.

"இயற்கை தன்னைச் சரிசெய்துகொள்கிறதே, பிறகென்ன கவலை?" என்று சிலர் வினவக்கூடும். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. பான்சி பிழைத்துக்கொள்கிறது, ஆனால் அது குறைத்த தேன், தேனீயின் உணவு. தேனீ குறைந்தால் பூ மேலும் தன்னுள் ஒடுங்கும். தன்னையே கருவுறச் செய்யும் செடியின் மரபணுப் பன்மையும் சுருங்கும். நாளை வரட்சியோ நோயோ வந்தால் அதனிடம் மாற்றுவழி இராது. இது இணக்கமன்று, ஒரு நெடுங்கால உறவின் முறிவு.

இம்முறிவைத் தாமதப்படுத்துவது பெருஞ்செலவான காரியமுமன்று. வீதியோரப் புல்லைப் பூக்கும்வரை வெட்டாது விடலாம். வேண்டாத விளக்குகளை நள்ளிரவின் பின் அணைக்கலாம். நஞ்சு தெளிப்பதைக் குறைக்கலாம். பாரிசிலோ ரொறன்ரோவிலோ கொழும்பிலோ வாழும் வாசகர்கள் தத்தமது மாநகர சபைகளிடம் இவற்றைக் கேட்கவேண்டும். இருபது ஆண்டுகளில் ஒரு பூ இவ்வளவு மாறிவிட்டதெனில், கேட்பதற்கு நமக்குள்ள அவகாசமும் சிறிதே.