அச்சமும் நமக்கு முதுசமா?

"நீரிலே கண்டம்" என்று எமது சாதகத்தில் எழுதியிருப்பதாக அம்மா அடிக்கடி சொல்லுவார். அதனால் கிணற்றடிக்கு அப்பால் நாம் நீரை அறியவில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே பிறந்தும், நீந்தத் தெரியாமலே ஜேர்மனி வந்து சேர்ந்தோம். நம்மவருட் பலருடைய கதையும் இதுவேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறைக்கு இலங்கை சென்றிருந்தபோது, கித்துல்கலையில் படகேற வேண்டுமென்று எமது மகள் அடம்பிடித்தாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கிவரும் நீரைச் சுமந்து, களனி கங்கை பாறைகளுக்கிடையே வெண்ணுரை கக்கிப் பாயும் இடம் அது. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலத் திரைப்படம் படமாக்கப்பட்டதும் அங்கேதான். மேலேயுள்ள மின்நிலையங்கள் திறந்துவிடும் நீருக்கேற்ப ஆற்றின் வேகம் கூடும், குறையும். பெற்ற பிள்ளையின் முன் அச்சத்தைக் காட்ட வெட்கப்பட்டு நாமும் ஏறினோம். வீரம் என்று சொல்வதற்கு அதில் எதுவுமில்லை.

காற்றடைத்த இறப்பர்ப் படகு, ஆளுக்கொரு துடுப்பு, தலைக்கவசம், மிதவை அங்கி. புறப்படுமுன் வழிகாட்டி ஆங்கிலத்தில் ஒரு விதியை மும்முறை சொன்னார். ஆற்றில் விழுந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும். பாதங்கள் நீரோடும் திசையை நோக்கி மேலே நிற்க வேண்டும். ஒருபோதும் எழுந்து நிற்க முயலக்கூடாது. நின்றால் பாறை இடுக்கிலே கால் அகப்படும். பின்னிருந்து தள்ளும் நீர் ஆளைக் கவிழ்த்து அமிழ்த்திவிடும். நாம் தலையாட்டினோம். ஆனால் மனத்தில் ஒரு சொல்லும் பதியவில்லை. அங்கியின் வாரைப் பிடித்திருந்த கைகள் நடுங்கியதே நினைவிலிருக்கிறது.

மூன்றாவது சுழியிலே படகு ஒருபக்கம் சாய, நாம் நீரில் விழுந்தோம். காது, மூக்கு எங்கும் தண்ணீர். அந்நேரத்தில் செய்யக்கூடாத அதனையே செய்தோம்: எழுந்து நிற்கக் காலைத் தேடினோம். அப்போது இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் கேட்டது. "அப்பா, நிக்காதேங்கோ! மல்லாந்து படுங்கோ! காலை முன்னுக்கு நீட்டுங்கோ!" வழிகாட்டியும் கத்திக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருடைய ஆங்கிலம் அந்நேரத்தில் எமக்கு எட்டவில்லை. மகளின் தமிழ் எட்டியது. கீழே அமைதியான நீரில் எம்மை இழுத்தெடுத்தபோது, அவள் அழவுமில்லை, பதறவுமில்லை. ஜேர்மனியப் பாடசாலையிலே நீச்சலுக்கு வெண்கலச் சின்னம் பெற்றவள் அவள்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எமது அச்சம் எங்கே தொடங்கியதென்று எண்ணிப் பார்த்தோம். சாதகத்தில் மட்டுமன்று. 1990களின் முற்பகுதியில், ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில், கிளாலிக் கடல்நீரேரியை இருளிலே படகிற் கடந்தவர்களில் நாமும் ஒருவர். கடற்படையின் தாக்குதலில் அந்நீரில் உயிரிழந்தோர் பலர். அன்று எமக்கு மிதவை அங்கி தருவாரில்லை. விழுந்தால் என்ன செய்வதென்று சொல்லித் தருவாருமில்லை. பின்னர் 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்தது. ஆகவே நம் தலைமுறையினர் நீரைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை, அது குற்றமுமன்று. ஆனால் அந்த அச்சத்தைப் பிள்ளைகளுக்கு முதுசமாக எழுதிவைப்பது நியாயமா என்பதே எமது கேள்வி.

ஹம் நகரிலே நாம் நீருக்கு நடுவேதான் வாழ்கிறோம். லிப்பே ஆறு ஊரினூடே ஓடுகிறது. அதன் அருகே 1914இல் திறக்கப்பட்ட கால்வாய். 2002இல் குடமுழுக்குக் கண்ட நமது காமாட்சி அம்பாளின் தீர்த்தமும் அக்கால்வாயிலேயே நிகழ்கிறது. அப்படியிருந்தும், பாடசாலையில் நீச்சல் வகுப்பு என்றால் முதல்நாளே நம்மவர் பிள்ளைகள் சிலருக்குத் தடிமன் வந்துவிடுகிறது! குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. உடை பற்றிய தயக்கம் நமக்கு விளங்காததன்று. உடல் மறைக்கும் நீச்சலுடை இருக்கிறது. அதனை அணிந்து மாணவி ஆண், பெண் சேர்ந்த வகுப்பில் பங்குபற்றலாம் என்று 2013இல் ஜேர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

"சின்னக் குதிரைச் சின்னம் எடுத்துவிட்டான், அது போதும்" என்போரும் உளர். கரையிலிருந்து குதித்து 25 மீற்றர் நீந்தி, தோளளவு நீரிலிருந்து ஒரு பொருளை எடுப்பவருக்கு அது கிடைக்கும். அது தொடக்கமேயன்றிக் காப்பு அன்று. பதினைந்து நிமிடம் நிற்காமல் நீந்தி, குறைந்தது 200 மீற்றர் கடந்து, இரண்டு மீற்றர் ஆழத்துக்கு மூழ்கிப் பெறும் வெண்கலச் சின்னமே பிள்ளை நீந்தக் கற்றதற்கு அத்தாட்சி.

நீந்தத் தெரிந்தவனும் நீரை மதிக்க வேண்டும். 1999 ஜூலை 27ஆம் நாள் சுவிற்சர்லாந்திலே, இன்ரலாக்கன் அருகேயுள்ள ஒரு மலையோடையில் இறங்கிய குழுவினரை இடிமழை வெள்ளம் திடீரென அடித்துச் சென்றது. அவர்களுள் 21 பேர் மாண்டனர். இத்தகைய தொழில்களுக்கு உரிமம் வேண்டுமென்ற சட்டம் 2014இல்தான் அங்கு நடைமுறைக்கு வந்தது. "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்ற முதுமொழி பொய்யன்று. ஆனால் ஆழத்தை அறியாமலே இருந்துவிடு என்று அம்மொழி சொல்லவில்லையே!

பெற்றோரே, சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைத் தமிழ் படிக்கக் கூட்டி வருகிறீர்கள். அந்த உழைப்பு வீண்போகாது. ஆற்று நடுவிலே எம்மைக் காத்த தமிழ் இப்படியொரு வகுப்பறையில் வளர்ந்ததுதான். வாரத்தில் இன்னும் ஒரு மணிநேரத்தை நீச்சற் தடாகத்துக்கும் ஒதுக்குங்கள். இயலுமானால் நீங்களும் இறங்குங்கள். நாம் ஐம்பது வயதுக்கு மேல்தான் தொடங்கினோம். இன்னும் 25 மீற்றரை எட்டவில்லை, பதினெட்டில் நிற்கிறோம். மகள் கரையிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள், தமிழில்.