கை வைத்தால் செத்துவிடுமாம்!

நண்பர் ஒருவர் போன வாரம் நல்ல ரவுட்டர் ஒன்றைப் பழைய பொருள் எடுப்பவரிடம் போட்டுவிட்டு வந்தார். அதில் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றப் பார்த்திருக்கிறார். பாதியில் ஏதோ தடங்கல். வைஃபை வரவில்லை, ஒரே ஒரு விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டியிருக்கிறது. கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாராம். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்தீங்கல்ல சார்? பிரிக் ஆயிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. புதுசு ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?" எடுத்துக்கொண்டார். அதை என்னிடம் சொல்லும்போது முகத்தில் பெரிய ஞானம் வந்தவரின் அமைதி வேறு. "இந்த வேலையெல்லாம் நமக்கு எதுக்கு சார்?"

விளக்கு சிமிட்டியதாம், பெட்டி செத்துவிட்டதாம்! சிமிட்டச் சொல்லி உள்ளேயிருந்து ஏதோ ஒன்று கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கிறதே, அது என்னவென்று ஒரு மனிதருக்காவது கேட்கத் தோன்றியதா?

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இணைய இணைப்பு கொடுக்க வரும் தம்பி, அலுவலகத்தில் 'ஐடி' என்ற பட்டத்தோடு உலவும் அண்ணன், குடியிருப்பு வாட்ஸப் குழுவின் நிரந்தர நிபுணர் எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான். கம்பெனி போட்டுக்கொடுத்த ஃபார்ம்வேர் கருவறையாம். பூசாரியைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாதாம். போனால் வாரன்ட்டி போகும், பெட்டி சாகும், ஹேக்கர் வருவான், போலீசும் வந்தாலும் வருமாம்.

இவர்களிடம் நான் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வேன்: லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி.

2002 டிசம்பரில் சந்தைக்கு வந்த பெட்டி அது. நீலமும் கறுப்புமாக, பின்னால் இரண்டு ஆண்டெனாவுடன் இருக்கும். 2003-இல் அதன் ஃபார்ம்வேரைக் குடைந்து பார்த்தவர்கள் உள்ளே லினக்ஸ் ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை உள்ளே வைத்துப் பெட்டி விற்றால், கேட்பவருக்கு மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். லிங்க்சிஸ் கொடுத்திருக்கவில்லை. அந்த ஆண்டுதான் சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸை வாங்கியிருந்தது. கல்யாணத்தோடு சேர்த்து இந்தத் தகராறும் சீதனமாக வந்தது. நாலு பக்கமும் நெருக்கிய பிறகு மூல நிரல் வெளியே வந்தது. 2004-இல் அதைப் பிடித்துக்கொண்டு ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. பின்னாலேயே டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ எல்லாம் வரிசை கட்டின.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன பெரிய சரக்கு? 4 எம்பி ஃபிளாஷ், 16 எம்பி ராம். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு பூனைப்படத்துக்கே அந்த 4 எம்பி காணாது. அந்த இடுக்குக்குள் விபிஎன் வைத்தார்கள். கம்பியில்லாமலே இரண்டு பெட்டிகளைக் கோத்தார்கள். வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை இறக்கும்போது இன்னொருவரின் பேச்சு அறுந்துபோகாதபடி போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். பூசாரிகள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யாததை, ராத்திரி தூக்கம் வராதவர்கள் சும்மா செய்தார்கள்.

கதையின் ருசியான பகுதி இனிமேல்தான். 2005-இல் வந்த ஐந்தாவது பதிப்பில் கம்பெனி ராமையும் ஃபிளாஷையும் பாதியாக வெட்டியது, லினக்ஸைத் தூக்கிவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொன்றை வைத்தது. பெயர் அதே பெயர், அட்டைப்பெட்டி அதே அட்டைப்பெட்டி. ஆனால் கை வைக்கும் கூட்டத்தை இழக்கவும் மனம் வரவில்லை. அதனால் பழைய உடம்போடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று ஒன்றைத் தனியாக விட்டது. 2016-இலும் அது விற்றுக்கொண்டிருந்தது. லிங்க்சிஸும் அதில் நன்றாகக் காசு பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஃபார்ம்வேரை எடுத்தால் பெட்டி குப்பை என்றால், எடுத்துப் போடுகிறவர்களுக்காகவே ஒரு பெட்டியைப் பத்தாண்டுக்கு மேல் விற்ற கம்பெனிக்குப் பைத்தியமா பிடித்திருந்தது? வெட்டிக் குறைத்த அந்த ஐந்தாவது பதிப்பையும் நம் ஆட்கள் விட்டுவைக்கவில்லை என்பது வேறு விஷயம். 2 எம்பிக்குள் அடங்கும் டிடி-டபிள்யூஆர்டி ஒன்றைச் செய்து அதிலும் ஏற்றினார்கள்.

சரி, ஏற்றும்போது பாதியில் நின்றுவிட்டால்? இந்த இடத்தில்தான் கடைக்காரர் கண்ணை மூடி இறுதி மரியாதை செலுத்துகிறார்.

ரவுட்டரின் ஃபிளாஷ் சிப்பில் எல்லாம் ஒரே குவியலாகக் கிடப்பதில்லை. தனித்தனி அறைகளாகப் பிரித்திருக்கும். முதல் அறையில் பூட்லோடர். மின்சாரம் வந்ததும் முதலில் எழுந்திருப்பது அது. வேறொரு அறையில் ரேடியோவின் அளவீட்டுத் தகவல்கள். நாம் அழித்து எழுதுவது இவற்றுக்கு வெளியே உள்ள பெரிய அறையில் மட்டும். ஓபன்டபிள்யூஆர்டி பெரும்பாலான பெட்டிகளில் பூட்லோடர் அறையை எழுத முடியாதபடி பூட்டியே வைக்கிறது. ஆக, ஏற்றிய ஃபார்ம்வேர் சிதைந்து போனாலும் பூட்லோடர் இருக்கிறது; அது காத்துக்கொண்டும் இருக்கிறது.

பல டிபி-லிங்க் பெட்டிகளில் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், பூட்லோடர் 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு கணினி இருக்கிறதா என்று தேடும். நம் கணினிக்கு அந்த முகவரியைக் கொடுத்து, லேன் கேபிளைச் செருகி, டிஎஃப்டிபி சர்வர் ஒன்றை ஓடவிட்டு, அந்த மாடல் எதிர்பார்க்கும் பெயரில் ஃபார்ம்வேர் கோப்பை வைத்தால் போதும். அதுவே இழுத்து எழுதிக்கொண்டு எழுந்துவிடும். கம்பெனியின் பழைய ஃபார்ம்வேருக்கே திரும்பிப் போக நினைத்தாலும் இதே வழிதான். பல மாடல்களில், கோப்பின் பெயரில் 'பூட்' என்று இருந்தால் அதன் முன்துண்டை வெட்டிவிட்டு வைக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. டி-லிங்க்கின் பல பெட்டிகளில் இன்னும் சுகம்: அவசரகாலத்துக்கென்று பூட்லோடரே ஒரு வலைப்பக்கத்தைத் திறந்துவிடும், பிரவுசரில் கோப்பைக் கொடுத்தால் முடிந்தது. நெட்கியருக்கு என்எம்ஆர்பிஃபிளாஷ் என்று இலவச மென்பொருளே இருக்கிறது. நம் டபிள்யூஆர்டி54ஜி? அதன் பூட்லோடரிலும், எழுந்ததும் சில விநாடிகள் காத்திருந்து கோப்பு வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு. இருபது வருஷத்துக்கு முந்தைய பெட்டிக்குத் தெரிந்த வித்தை இது.

அமைப்புகளைத் தாறுமாறாக மாற்றி உள்ளே நுழைய முடியாமல் போனவர்களுக்கு இவ்வளவு பாடும் வேண்டாம். ஓபன்டபிள்யூஆர்டியில் ஃபெயில்சேஃப் என்று ஒரு நிலை உண்டு. எழுந்திருக்கும்போது விளக்கு சிமிட்டும் அந்தச் சில நொடிகளில் பொத்தானை அழுத்தினால், 192.168.1.1-இல் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து பழைய அமைப்புகளைத் துடைத்துவிடலாம். மூல அமைப்பு எழுத முடியாத பகுதியில் பத்திரமாக இருக்கும். நாம் செய்த கோலங்கள் எல்லாம் அதன்மேல் தனி அடுக்கில்தான்.

இதற்கும் மசியாவிட்டால் மூடியைத் திறந்து சீரியல் முனைகளில் மூன்று கம்பி: கிரவுண்டு, போவது, வருவது. 3.3 வோல்ட் யுஎஸ்பி அடாப்டர், பெரும்பாலும் 115200 வேகம். மின்சாரம் கொடுக்கும் நாலாவது முனையைத் தொடாதீர்கள். பூட்லோடரே அழிந்துபோன அபூர்வ கேஸ்களில், ஃபிளாஷ் சிப்பின் காலில் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமரில் நேரடியாக எழுதுகிறார்கள். அதற்கப்புறமும் எழவில்லையென்றால் வேண்டுமானால் துக்கம் அனுசரிக்கலாம்.

நம் ஆட்களுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல், எட்டாவது பதிப்புப் பெட்டியில் ஒன்பதாவது பதிப்பின் கோப்பை ஏற்றிவிட்டு ஒப்பாரி வைப்பவர்கள்தான் இந்த மூடநம்பிக்கைக்குத் தீனி போடுகிறார்கள். ஆனால் அதிலும் முதல் குற்றவாளி கம்பெனிதான். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஆர்841என் என்ற ஒரே பெயரில் பதினான்காவது பதிப்பு வரை வந்தது. பன்னிரண்டாவதில் குவால்காம் சிப், பதின்மூன்றாவதில் மீடியாடெக் சிப். பெயர் மாறவில்லை. இப்படிப் புளியோதரை டப்பாவில் தயிர்சாதம் வைத்து விற்றுவிட்டு, வாங்கினவனுக்கு அறிவில்லை என்பார்கள்.

அடுத்தது 'பாதுகாப்பு'. கம்பெனி ஃபார்ம்வேர்தான் பத்திரமாம்! 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் பெட்டிகளையாவது பிடித்துவிட்டதாக சிஸ்கோவின் டாலோஸ் குழு சொன்னது. லிங்க்சிஸ், நெட்கியர், டிபி-லிங்க், மைக்ரோடிக் என்று பெயர் பெற்ற பெட்டிகள்தான். அமெரிக்க எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது என்ன தெரியுமா? ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று. 2017 அக்டோபர் 16 அன்று, வைஃபையின் பூட்டான டபிள்யூபிஏ2-வையே ஆட்டிப்பார்த்த கிராக் குறைபாடு வெளியானது. அப்போது எல்இடிஇ என்ற பெயரில் பிரிந்து நின்ற ஓபன்டபிள்யூஆர்டி ஆட்கள் இரண்டே நாளில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்போதிருந்த பெட்டிக்கு அந்தத் திருத்தம் எப்போது வந்தது? வந்ததா? 2024-இல் டி-லிங்க் தன் டிஎஸ்ஆர் வகையின் பழைய ரவுட்டர்களில் பெரிய ஓட்டை இருப்பதை ஒப்புக்கொண்டது; ஆயுள் முடிந்துவிட்டதால் திருத்தம் கிடையாது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தும் விட்டது. பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டபிள்யூஆர்டி54ஜிஎல்லுக்கு இப்படிக் கம்பெனியால் தனியாகக் கருமாதி நாள் குறிக்க முடியவில்லை, ஏனென்றால் அதன் மூச்சு கம்பெனியின் கையில் இல்லை.

சட்டவிரோதம் என்று பயமுறுத்துகிறவர்களுக்காக ஒரு தமாஷ். 2015-இல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, டிடி-டபிள்யூஆர்டி போன்ற வெளி ஃபார்ம்வேரை எப்படித் தடுக்கிறீர்கள் என்று கம்பெனிகளிடம் விளக்கம் கேட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த வரியை நீக்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. வெளி ஃபார்ம்வேர் ஏற்றவிட்டதற்காகவா? இல்லை. கம்பெனியின் சொந்த ஃபார்ம்வேரிலேயே நாட்டின் பெயரை மாற்றி, அனுமதித்த அளவுக்கு மேல் சக்தியில் ஒலிபரப்ப வழி வைத்திருந்ததற்காக! அதோடு, வெளி ஃபார்ம்வேர் ஏற்ற வழிசெய்யும் விதத்தில் திறந்த மூல ஆட்களோடு சேர்ந்து வேலை செய்வதாகவும் எழுதிக்கொடுத்தது. பூசாரிக்கே அபராதம், பக்தருக்குச் சாவி.

2024 கடைசியில் ஓபன்டபிள்யூஆர்டி திட்டமே ஓபன்டபிள்யூஆர்டி ஒன் என்று ஒரு பெட்டியை 89 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. மீட்பதற்கென்றே தனியாக இன்னொரு ஃபிளாஷ் சிப்பும், அதற்கு மாற ஒரு சுவிட்சும் அதில் உண்டு. இது ராக்கெட் விஞ்ஞானமெல்லாம் இல்லை. பெரிய கம்பெனிகள் ஏன் எல்லாப் பெட்டியிலும் இதை வைப்பதில்லை என்பதற்கு அந்தக் கடைக்காரர் பதில் சொல்லிவிட்டார்: புதுசு ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?

இதையெல்லாம் விட என் வயிற்றெரிச்சல் இணைய இணைப்போடு வரும் பெட்டிமேல். தூரத்திலிருந்தே அதை ஆட்டிவைக்க டிஆர்-069 என்று ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தடுமாறியதே, அந்தக் கதவைக் குறிவைத்து வந்த தாக்குதலில்தான். அங்கேயும் யாரும் வெளி ஃபார்ம்வேர் ஏற்றியிருக்கவில்லை. எல்லாம் அசல் கம்பெனிச் சரக்கு. என் வீட்டுப் பெட்டியின் அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டு எங்கள் நிறுவனத்துக்கு ஃபோன் போட்டேன். டிஎன்எஸ் முகவரி ஒன்றை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பேசிய பெண் மிக மரியாதையாகச் சொன்னார்: "செக்யூரிட்டி ரீசன் சார், கஸ்டமருக்குத் தர மாட்டோம். என்ன மாத்தணுமோ சொல்லுங்க, ஆள் அனுப்புறோம். விசிட்டிங் சார்ஜ் தனி."