வெள்ளையடித்தால் விரிசல் போய்விடுமா?

கொங்கிறீற் என்றால் காலத்தால் அழியாத கல் என்ற எண்ணம் எம்மவரிடையே இன்னமும் இருக்கிறது. ஆபத்தான எண்ணம் அது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயத்தில், அச்சு இயந்திரத்துக்கு மேலே சென்ற வளையின் அடிப்புறம் உரிந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. முறையிட்டோம். மறுவாரமே மேசன் ஒருவர் வந்து சீமெந்து பூசி வெள்ளையடித்துவிட்டுப் போனார். அடுத்த மாரிக்கு அதே இடம் மீண்டும் உரிந்தது.

உரியாமல் என்ன செய்யும்? கொங்கிறீற் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளையின் அடியில் இழுவையைத் தாங்குவது உள்ளேயிருக்கும் உருக்குக் கம்பியே. கடற்காற்றின் உப்பு அதனை எட்டினால் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு கொங்கிறீற்றை வெளியே தள்ளும். மெலிந்த கம்பியைச் சுண்ணாம்பு தடிப்பாக்குமா?

இன்னொரு சாரார், 'இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்' என்கிறார்கள். கொந்தராத்துக்காரருக்கு இனிப்பான யோசனைதான். ஆனால் எம்மவர் பல்லாயிரக்கணக்கில் வாழும் சுவிற்சர்லாந்தில் நடந்ததை அவர்கள் அறியவேண்டும். லூசேர்னுக்கு அருகிலுள்ள இபாக் பாலத்தில், வீதிச் சமிக்ஞை விளக்குப் பொருத்தத் துளையிட்டபோது முன்தகைப்பு உருக்குக் கம்பிகள் சேதமடைந்தன. பாலத்தை இடிக்கவில்லை. 1991 இல் காபன் நார்ப் பல்பகுதியப் பட்டிகள் மூன்றை எப்பொக்சிப் பசையால் அடியில் ஒட்டினார்கள். உருக்குத் தகடாயின் 175 கிலோகிராம் தேவைப்பட்டிருக்கும், இங்கே 6.2 கிலோகிராம் போதுமாயிற்று. சாரம் கட்டாமல், உயர்த்து மேடையில் நின்றே வேலையை முடித்தார்கள். எம்பா ஆய்வுநிலையத்தில் பேராசிரியர் ஊர்ஸ் மையர் குழுவினர் 1980களில் செய்த ஆராய்ச்சியின் பலன் அது.

இதைப் படித்ததும் காபன் பட்டி விற்க ஓடிவருவோருக்கும் ஒரு வார்த்தை. துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்யாமல், சிதைந்த கொங்கிறீற்றை அகற்றித் திருத்தாமல் மேலே பட்டி ஒட்டுவதும் வெள்ளையடிப்பதும் ஒன்றே. காபன் துருப்பிடிக்காது, ஆனால் அதன் பின்னால் கம்பி தொடர்ந்து துருப்பிடிக்கும். ஒருநாள் பட்டி முன்னறிவித்தலின்றிக் கழன்றுவிடும். சாதாரண எப்பொக்சி 100 பாகை செல்சியஸை எட்டுமுன்னரே இளகும். ஆகவே தீவிபத்தில் பட்டி பயனற்றுப்போனாலும் வளை தன் அன்றாடச் சுமையைத் தாங்கவேண்டும். இவற்றைக் கணித்துச் சொல்லவேண்டியவர் பொறியியலாளர்; விற்பனையாளர் அல்லர்.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் கேட்கிறேன். ஊர்ப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் பணம் அனுப்புகிறீர்கள். புதிய மாடிக்கும் பெயர்க்கல்லுக்கும் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். கீழேயுள்ள பழைய வளையைப் பரிசோதிக்க எவராவது ஒரு சதம் கொடுத்ததுண்டா? அடுத்த முறை நிதி கேட்டு வருபவரிடம் பொறியியலாளரின் பரிசோதனை அறிக்கையை முதலில் கேளுங்கள். அந்த வளையின் கீழே அமர்ந்திருப்பவர்கள் பிள்ளைகள்.