நோத்ர் தாமா, ஒரு பெட்டிக் கட்டைகளா?



போன மாத வாலிபர் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்குவதற்காக ரோல்ஸும் வடையும் விற்று நீங்கள் சேர்த்த காசு 240 யூரோ. லெகோ வாங்குவது என்பதில் எல்லாரும் ஒருமனம். எந்த லெகோ என்பதில்தான் இரண்டு கட்சி.

ஒரு கட்சிக்கு நோத்ர் தாம் தேவாலயம் வேண்டும். 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறக்கப்பட்ட அதே தேவாலயம்தான். லெகோ நிறுவனம் 2024இல் அதை 4,383 துண்டுகளில் வெளியிட்டது. விலை ஏறக்குறைய 230 யூரோ. "கட்டி முடித்து மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் எவ்வளவு வடிவாக இருக்கும், அக்கா!" என்று ஒரு தம்பி சொன்னார். நம்மிடம் இருந்த காசும் அதற்குச் சரியாகத்தான் இருந்தது. மற்றக் கட்சிக்கு வெறும் கட்டைகள் போதும். கடைசியில், "பிள்ளை வளர்ப்பவரும் நீங்கள், தாதியும் நீங்கள், நீங்களே பார்த்து வாங்குங்கோ" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டீர்கள்.

எனவே இந்த மாதம் கணக்கு ஒப்புவிக்கிறேன். உங்கள் வீட்டிலும் நத்தாருக்கு மருமகனுக்கோ மருமகளுக்கோ வாங்க இருப்பீர்கள். அவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு குற்ற அறிக்கை. போன வருடம் இதே பிள்ளைகளுக்கு நான் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். 15 யூரோ, அட்டையில் அழகான படம். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, அவசரத்தில் வாங்கிய நான்தான் முக்கியம். பெட்டியைத் திறந்ததும் பெயின்ற் மணம் அடித்தது. கட்டைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, சேர்ந்தவை கழரவில்லை. இரண்டாவது ஞாயிறு ஒரு கட்டை உடைந்தது. அந்த உடைந்த துண்டை மூன்று வயதுப் பிள்ளை ஒன்று மூக்குக்குள் வைத்துவிட்டது. நான் அதைத் தோண்டி எடுக்கவில்லை. வீட்டில் இடுக்கியால் எடுக்கப் போனால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன், அங்கே பத்திரமாக எடுத்தார்கள். ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அதில் சி.இ. குறி இல்லை என்பது எனக்கே தெரிந்திருக்கும். ஐரோப்பாவில் விற்கும் எந்த விளையாட்டுச் சாமானிலும் அந்தக் குறி இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்பதற்கு, 0-3 என்று எழுதிய குழந்தை முகத்தைச் சிவப்புக் கோட்டால் வெட்டிய படம் இருக்கும். இந்த இரண்டையும் பார்க்க ஐந்து வினாடி போதும்.

அதற்காக லெகோ என்ற பெயர் இல்லாத எல்லாமே கள்ளச் சாமான் என்று நினைக்க வேண்டாம். கட்டைக்கான காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அந்தக் கட்டையின் வடிவத்தை லெகோ தன் வணிகக் குறியாக வைத்திருக்க முடியாது என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்த்துவிட்டது. ஆகவே தன் சொந்தப் பெயரில், லெகோவோடு பொருந்தும் கட்டை செய்து விற்பது நியாயமான வியாபாரம். லெகோவின் பெட்டியையும் படத்தையும் அப்படியே பார்த்தடித்து விற்பதுதான் களவு. உண்மையான லெகோ என்றால் கட்டையின் ஒவ்வொரு குமிழின் மேலும் அந்தப் பெயர் சின்ன எழுத்தில் பதிந்திருக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள்.

லெகோவைத் தொடங்கியவர் டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் இருந்த தச்சர், ஓலே கியர்க் கிறிஸ்டியன்சன். ஆழ்ந்த விசுவாசி. 1932இல் வேலை இல்லாத காலத்தில் மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். அதே வருடம் மனைவி இறந்துபோக, நான்கு பையன்களும் அவர் கையில். ஒருநாள் மகன் கோட்ஃப்ரெட் பெருமையோடு வந்து, மர வாத்துகளுக்கு மூன்று தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை மட்டும் வார்னிஷ் பூசிக் காசு மிச்சம் பிடித்தேன் என்று சொன்னானாம். தகப்பன் அவனை உடனே ரயில் நிலையத்துக்கு அனுப்பி, அனுப்பக் கொடுத்த வாத்துகளைத் திருப்பி எடுத்து வந்து, மூன்றாவது பூச்சையும் பூச வைத்தார். இந்தக் கதையை வாசித்தபோது என் 15 யூரோப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்கு வாங்கும்போது நானும் மூன்றாவது பூச்சை மிச்சம் பிடித்திருக்கிறேன்.

இனிக் கடைகள்.

புதிதாக வாங்க: லெகோவின் சொந்தக் கடை ஃபோரம் தெ ஆல் வணிக வளாகத்தில் இருக்கிறது. ஆர்ஜொந்தெயில் இருந்து 'ஜே' ரயிலில் சென்-லஸார், அங்கிருந்து 14ஆம் மெற்றோவில் ஷாத்லே. லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற நாளென்றால் இன்னும் சுகம். கார் து நோரில் ஏர்.ஏ.ஏர். பி அல்லது டி ஏறினால் அடுத்த நிறுத்தமே ஷாத்லே-லெ ஆல். இந்தக் கடையின் விசேஷம், சுவரில் நிறம் நிறமாகக் கொட்டி வைத்திருக்கும் உதிரிக் கட்டைகள். ஒரு குவளை விலைக்கு அதில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவும் உங்களுக்கு. கையால் அள்ளிப் போடாதீர்கள். பெரியவற்றைச் சேர்த்து அடுக்கிவிட்டு, இடைவெளிகளில் சின்னவற்றை இறக்குங்கள். கொத்துரொட்டிப் பார்சல் கட்டுகிறவருக்குத் தெரிந்த வித்தைதான்.

பெட்டியாக வாங்குவதென்றால் அங்கே மட்டும் பார்க்காதீர்கள். ஜுவே கிளப், கிங் ஜுவே, லா கிராந்த் ரெக்ரே, ஃப்னாக், பெரிய சுப்பர்மார்க்கெற் எல்லாவற்றிலும் அதே பெட்டி வேறு விலையில் இருக்கும். நவம்பரில் விளையாட்டுச் சாமான் விளம்பரப் புத்தகங்கள் தபால் பெட்டிக்குள் வரும், எறியாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். நத்தார்வரை பொறுக்கத் தேவையில்லாத சாமானென்றால் ஜனவரி இரண்டாம் வாரத்து 'சோல்ட்' வரை பொறுக்கலாம். நான்கு கிழமை நடக்கும். இணையத்தில் ஒரு கடையிடம் வாங்கினால் பிடிக்கவில்லை என்று 14 நாளுக்குள் திருப்பும் உரிமை உண்டு. கடைக்குப் போய் வாங்கினால் அந்த உரிமை சட்டப்படி இல்லை. கடைக்காரர் விரும்பினால் மட்டும்தான். பில்லைக் கவனமாக வையுங்கள்.

பழையதாக வாங்க: இதற்குத்தான் பலருக்கு வெட்கம். "மற்றவை விளையாடினதையா பிள்ளைக்குக் கொடுக்கிறது?" என்று ஒரு அன்ரி கேட்டா. ஆனால் யோசியுங்கள், 1958இல் செய்த கட்டை இன்று செய்த கட்டையோடு பொருந்தும். பழசாகாத சாமான் இதைப் போல வேறு எது? லாச்சப்பல் மெற்றோவில் ஏறி, அடுத்த நிறுத்தம் ஸ்தாலின்கிராட்டில் 7ஆம் இலக்கத்துக்கு மாறி ஒரு நிறுத்தம் போனால் ரிக்கே. அந்தப் பெயர் கொண்ட தெருவில் எம்மாயுஸ் தெஃபியின் பெரிய கடை இருக்கிறது. லூக்கா 24இல் இரண்டு சீஷர் நடந்துபோன எம்மாவு ஊரின் பெயர்தான் அது. வீதியில் வாழ்ந்தவர்களுக்கு அங்கே வேலை கொடுக்கிறார்கள். எல்லா நாளும் திறப்பதில்லை, நேரம் பார்த்துப் போங்கள். ரெஜூவே என்ற சங்கமும் பழைய விளையாட்டுச் சாமான்களைச் சேர்த்து, சுத்தம் செய்து, சரிபார்த்து விற்கிறது. வேலை கிடைக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு அதுவே வேலை. இவை தவிர வீட்டுச் சாமான் விற்கும் 'வித் கிரெனியே' சந்தைகளும் லெ பொன் குவானும் உண்டு. அங்கே லெகோவைக் கிலோக் கணக்கிலும் விற்கிறார்கள்.

கட்டும் முறைப் புத்தகம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெட்டியின் இலக்கம் தெரிந்தால் லெகோவின் தளத்தில் அதை இலவசமாக எடுக்கலாம். புதிய பெட்டியில் ஒரு துண்டு குறைந்திருந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள்.

பழையதைக் கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 40 பாகைக்கு மேற்படாத வெந்நீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொஞ்சம், கையால் அலசித் துணியில் பரப்பிக் காயவிடுங்கள். உடுப்பு இயந்திரமும் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம், கட்டை நெளிந்துவிடும். 1970, 80களின் மஞ்சள், சிவப்புக் கட்டைகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்ததை 2018இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே மிகப் பழையவற்றை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு டூப்லோதான். சாதாரணக் கட்டையின் இரட்டிப்பு நீளம், அகலம், உயரம், தொண்டைக்குள் போகாது. எப்படியும் ஒரு பிள்ளைக்கு ஏதாவது அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் போனால் வாய்க்குள் விரல் விட்டுத் தேடாதீர்கள். முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. கூட இருப்பவர் 15 அல்லது 112ஐ அழைக்கட்டும்.

இப்போது 240 யூரோவின் கணக்கு. 790 துண்டுள்ள மஞ்சள் பெட்டி ஒன்று, விலைக்கழிவில் 55. பழைய டூப்லோ ஒரு பை 30. பழைய லெகோ மூன்று கிலோ 60. அடித்தட்டுகள் 25. மூடியுள்ள பெட்டிகள் 20. ஜன்னல், கதவு, சக்கரம் என்று பார்த்துப் பொறுக்கிய இரண்டு குவளை 36. மொத்தம் 226. மிச்சம் 14 யூரோ பொருளாளரிடம்.

நோத்ர் தாம் கேட்ட தம்பிமாருக்கு மனம் நொந்திருக்கும். அது நல்ல பெட்டி, என்றாவது ஒருநாள் உங்கள் சொந்தச் சம்பளத்தில் வாங்கிக் கட்டுங்கள், நானும் பார்க்க வருவேன். ஆனால் அது பெரியவர்களுக்கான பெட்டி. கட்டி முடித்ததும் பிள்ளைகளிடம், "தொடாதே" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். லூக்கா 14இல் கோபுரம் கட்டப் போகிறவனைப் பற்றி ஆண்டவர் சொன்னது நினைவிருக்கிறதா? முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னார். அது காசுக் கணக்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். யாருக்காகக் கட்டுகிறோம் என்பதும் அந்தக் கணக்கில் வரும்.

எனக்கு அந்தக் கணக்கைத் தீர்த்து வைத்தது ஒரு ஏழு வயதுப் பையன். ஊரில் இருந்து வந்து சில மாதம்தான். தாயோடு ஒரு ஹோட்டல் அறையில் இருக்கிறான். இரண்டு கட்டில், இரண்டு சூட்கேஸ், விளையாட இடமில்லை. பிரெஞ்சு இன்னும் வரவில்லை. நம் பிள்ளைகளோ தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்கள். வாராவாரம் கதவோரம் நின்றுவிட்டுப் போவான்.

போன ஞாயிறு பெட்டிகளைத் திறந்து கொட்டினோம். அந்தச் சத்தத்துக்கு அவனும் வந்து உட்கார்ந்தான். கேட்காமலே ஒரு வீடு கட்டினான். வீட்டுக்கு முன்னால் நாலு பக்கமும் சுவர் வைத்து, நடுவில் ஒன்றும் இல்லாத ஒரு சதுரம். பக்கத்தில் இருந்த சிறுமி அது என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள். கேள்வி அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். "கிணறு" என்றான். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. அவன் நூலில் ஒரு சின்னக் கட்டையைக் கட்டி, இறக்கி, இழுத்துக் காட்டினான். நோத்ர் தாம் கேட்ட தம்பிதான் அந்த நூலைத் தேடிக் கொடுத்தவர்.

ஆராதனை முடிந்து நான் கூட்டி அள்ளப் போனபோது அடித்தட்டில் நான்கு வீடுகள் இருந்தன. நான்குக்கும் கிணறு இருந்தது.

கட்டைகள் இன்னும் தேவை. உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே நீங்கள் சின்ன வயதில் விளையாடிய ஒரு பை கிடக்கும், தேடுங்கள். வருகிற ஞாயிறு கொண்டு வாருங்கள், கழுவுகிறது என் பொறுப்பு.

உங்கள் அக்கா