வெயிலோடு திறந்து வெயிலோடு மூடும் சென்னை

கோடை லீவு வந்தால் போதும், வெயிலில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பருத்திச் சட்டை போடுங்கள், தொப்பி வையுங்கள், தண்ணீர் குடியுங்கள், மதியம் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள். எல்லாம் சரிதான். சென்னையைப் பார்க்க வந்தவர் வேறு எந்த நேரத்தில் பார்ப்பது? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தர்மபுரி மாவட்டம் இண்டூரிலிருந்து ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு லீவு மே மாதம், அதனால் பயணமும் மே மாதம். ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை சென்னை. அன்றைக்கு இருப்பதிலேயே நல்ல நேரம் அதுதான். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகம் திறப்பது 9.30க்கு, மூடுவது 5க்கு (வெள்ளிக்கிழமை போய் நின்றால் அதுவும் இல்லை). கோட்டை அருங்காட்சியகமும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் 9 மணிக்கு. கொளுத்த ஆரம்பித்த பிறகு கதவைத் திறந்து, காற்று வர ஆரம்பிக்கும்போது கதவைச் சாத்துகிறார்கள்!

இண்டூர்க்காரருக்கு வெயில் புதிதில்லை. ஆனால் அது காய்ந்த வெயில். புளியமரத்தடியில் ஒதுங்கினால் வியர்வை காய்ந்து உடம்பு ஆறிவிடும். சென்னையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சீக்கிரம் காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நிழலில் நின்றாலும் ஊற்றும். கடல்காற்று வந்தால்தான் கொஞ்சம் நிம்மதி. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் அதுவும் தாமதமாகத்தான் வரும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தது.

இதற்கெல்லாம் நிபுணர் குழு தேவையில்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைப் பாருங்கள். விடியலில் நடை திறக்கிறது, உச்சிவேளையில் சாத்துகிறது, மாலை 4 மணி வாக்கில் மறுபடி திறந்து இரவு வரை இருக்கிறது. (சாத்துவதற்கு வேறு காரணம் இருக்கலாம், உடம்புக்கும் அது ஒத்துப்போகிறது.) கல் தரை சுடும் என்று தென்னைநார் விரிப்பு போடுகிற கோயில்களும் உண்டு. அருங்காட்சியகமோ 1851ல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ கோடையைப் பார்த்தாயிற்று, இன்னும் ஆபீஸ் நேரம்தான்.

அரசாங்கத்துக்கு விஷயம் தெரியாது என்று நினைக்காதீர்கள். 2019 அக்டோபர் 11 அன்று சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தபோது மாமல்லபுரத்தைச் சுற்றிக் காட்டியது மாலை வேளையில். நடுவில் உட்கார்ந்து இளநீர் குடிக்கவும் ஏற்பாடு இருந்தது. அதிபருக்கு இளநீர், இண்டூர்க்காரருக்கு யோசனை!

செலவாகும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9.30 முதல் 5 வரை ஏழரை மணி நேரம். காலை 7 முதல் 11, மாலை 4 முதல் 7.30 என்று பிரித்தாலும் அதே ஏழரை மணி நேரம்தான். கூடுவது கொஞ்சம் மின்கட்டணம். ஊழியர்களுக்கு இரண்டு வேளையும் வருவது சிரமம்தான், மறுக்க முடியாது. ஷிப்டு போடலாம், ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் செய்து பார்க்கலாம். பஞ்சாபில் 2023 கோடையில் அரசு அலுவலக நேரத்தையே காலை 7.30 முதல் 2 மணி வரை என்று மாற்றினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அடுத்தது நிழல். சிங்கப்பூரும் புழுக்கமான ஊர்தான். கடை வாசல்களில் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை வேண்டும் என்று 1822ல் ராஃபிள்ஸ் காலத்திலேயே விதி செய்தார்கள். அங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்பார்கள். இப்போது ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் பல இடங்களில் கூரை. நம் ஊருக்கு இது புதிதா என்ன? திண்ணையும் சாவடியும் தண்ணீர்ப்பந்தலும் வைத்து வழிப்போக்கரை உட்கார வைத்த ஊர்தானே இது! இன்று சென்னையில் காசில்லாமல் குளிர்ச்சியாக உட்கார வேண்டுமானால் ஏசி போட்ட மாலுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் அங்கே போனால் சும்மா இருப்பார்களா? நடராஜர் சிலைக்கு ஒதுக்கிய பணம் ஐஸ்கிரீமுக்குப் போகும்.

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி பாந்தியன் சாலையில் அருங்காட்சியகம் வரை நடக்கிற வழிக்காவது தொடர்ந்து நிழலும், வழியில் இரண்டு இடத்தில் குடிநீரும், உட்கார நாலு பெஞ்சும் போடட்டும். ஒரு கோடைக்கு 7 மணிக்குத் திறந்து பார்க்கட்டும். கூட்டம் எந்த நேரத்தில் வருகிறது என்று டிக்கெட் கவுண்டரே சொல்லிவிடும்.