மலத்தைப் பற்றிப் பேச வெட்கம் ஏன்?

காய்ச்சல் வந்தால் உடனே வீட்டில் சொல்கிறோம். மலத்தில் மாறுதல் கண்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. இந்த வெட்கம் ஆபத்தானது.

2024 டிசம்பரில் பல்லாவரத்தில் பலர் வாந்திபேதியால் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நாவலூர், தாம்பரம் மாணவர்களுக்கு இது அடுத்த ஊர்ச் செய்தி. கடும் பேதியில் உடல் நீரையும் உப்பையும் வேகமாக இழக்கிறது. உயிருக்கு ஆபத்து அதனால்தான். சொல்லத் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து உடனே பருகத் தொடங்க வேண்டும்.

மலத்தின் பழுப்பு நிறம் எப்படி வருகிறது? பித்தநீரிலுள்ள நிறமி குடலில் மாறுதலடைந்து அந்நிறத்தைத் தருகிறது. பித்தநீர் குடலுக்கு வராமல் தடைப்பட்டால் மலம் களிமண்போல் வெளுக்கும். இரைப்பையில் இரத்தம் கசிந்தால் தார்போல் கறுக்கும்.

எல்லா மாறுதலும் நோயன்று. பீட்ரூட் தின்றால் மலம் சிவக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினால் கறுக்கலாம். ஒரு நாள் மலம் கழியாவிட்டால் கலங்கவும் வேண்டாம்.

ஆனால் இரத்தமோ சீதமோ கலந்தாலும், காரணமின்றிக் கறுத்தாலும், வெளுத்தாலும், அரிசி களைந்த நீர்போல் போனாலும், பேதியோடு நா வறண்டு சிறுநீர் குறைந்தாலும் அன்றே மருத்துவரைக் காணுங்கள். மாறுதல் வாரக்கணக்கில் நீடித்தாலும், உடல் மெலிந்தாலும் காண வேண்டும்.

சுகாதாரப் பாடத்தில் கை கழுவக் கற்றுத் தருகிறார்கள். கழுவுமுன் மலத்தை ஒரு முறை பார்க்கவும், கண்டதைக் கூசாமல் சொல்லவும் கற்றுத் தர வேண்டும். மாணவர்களே, நீங்களே முதலில் தொடங்குங்கள்!