தினம் ஒரு சொல்: 'ஸ்ப்ரால்'

பரீட்சை முடிந்த பிள்ளை கை, காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கிறானே, அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்ப்ரால்' என்று பெயர். பந்தல் இல்லாத அவரைக்கொடி மாதிரி கண்டபடி படரும் ஊரையும் 'அர்பன் ஸ்ப்ரால்' என்பார்கள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போகும் சகோதரிகள், ரோட்டோரம் பிளாட்டுக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே! இப்படிப் பரவுகிற இடத்தில் வீடு முதலில் வந்துவிடும். குடிதண்ணீரும் சாக்கடையும் பிறகுதான். தேங்கும் தண்ணீரில் கொசு பெருகும்; அவதி கைக்குழந்தைக்கு.

அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை போட்டது. 2017-இல் அரசு வரன்முறை விதிகள் கொண்டுவந்தது. ஆகவே, நகையை விற்று மனை வாங்குமுன், "டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கா? மழைத் தண்ணி எங்கே போகும்?" என்று நீங்களே கேளுங்கள். மலிவு என்று மட்டும் மயங்கிடாதீங்க!